சிரிச்சது போதும், சக்திமானைக் கீழ இறக்கி விடுங்க

போன வியாழக்கிழமை மதிய இடைவேளை. வகுப்புல ஒருத்தன் செல்போனை டெஸ்க் மேல சாத்தி வச்சு சக்திமான் ஓட்டிக்கிட்டு இருந்தான். சுத்தி எட்டு பேர். சக்திமான் பறக்குறார். பின்னாடி மேகம் வேகமா ஓடுது, அவர் தலைமுடி மட்டும் ஆடாம அசையாம இருக்கு. உடம்பைச் சுத்தி ஒரு கோடு தெரியுது, கத்தரிக்கோலால வெட்டி ஒட்டின மாதிரி. எட்டு பேரும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிக்கிறாங்க. நான் உள்ள நுழைஞ்சதும் ஒரு தங்கச்சி கேட்டுச்சு: "அண்ணே, உங்க காலத்துல இதையா ஞாயித்துக்கிழமை உக்காந்து பாத்தீங்க?"

"உங்க காலம்"! நறுக்குன்னு இருந்துச்சு. ஆனா பொய் இல்ல. பல வருசம் வேலை பாத்துட்டு, அதை விட்டுட்டு பி.எட். படிக்க வந்தவன் நான். வகுப்புலயே மூத்தவன். வாத்தியார் வரும்போது என்னைப் பாத்து எழுந்து நின்ன பசங்களும் உண்டு :-)

அன்னிக்கு பதில் சொல்ல வரல. "ஆமாம்மா, அதைத்தான் பாத்தோம்"னு வழிஞ்சுட்டு வந்துட்டேன். அப்புறம் ரெண்டு ராத்திரி முழிச்சு, இருபது எபிசோடு திரும்பப் பாத்தேன். இந்தப் பதிவு அந்தக் கேள்விக்கான பதில். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க. கொசுவத்தி சுத்துற பதிவுன்னு நினைச்சு "ஆஹா, அந்தக் காலம்"னு ஓடி வந்தவங்களும் கொஞ்சம் நில்லுங்க. உங்களுக்கும் பாதி திட்டு இருக்கு.

முதல்ல தெரியாதவங்களுக்கு ஒரு சுருக்கம். சக்திமான் தூர்தர்ஷன்ல 1997 செப்டம்பர்ல ஆரம்பிச்சு 2005 மார்ச் வரைக்கும் ஓடின தொடர். நானூறு எபிசோடுக்கு மேல. இயக்குநர் தின்கர் ஜானி. நாயகன் முகேஷ் கன்னா. தயாரிப்பும் அவரோட கம்பெனிதான், பேரு பீஷ்ம் இன்டர்நேஷனல். பி.ஆர்.சோப்ராவோட மகாபாரதத்துல பீஷ்மரா வந்தவர் இல்லையா, அந்தப் பேரையே கம்பெனிக்கு வச்சுக்கிட்டார். வில்லன் கில்விஷா வந்த சுரேந்திர பால் யார் தெரியுமா? அதே மகாபாரதத்துல துரோணர்! குருக்ஷேத்திரத்துல ஒரே பக்கம் நின்ன பீஷ்மரும் துரோணரும் இங்க எதிரெதிரா நிக்கிறாங்க.

கதை எளிமையானது. சூரியாம்சிகள்னு ஒரு ரகசியக் கூட்டம். அவங்க பயிற்சியில குண்டலினியை எழுப்பி, ஏழு சக்கரமும் திறந்து, பஞ்சபூத சக்தி வாங்கின ஆள் சக்திமான். ஊருக்குள்ள அவர் கங்காதர், பல்லு எடுப்பா, சோடாபுட்டி கண்ணாடி போட்ட பத்திரிகை போட்டோகிராபர். கூட வேலை பாக்குற நிருபர் கீதா விஸ்வாஸ். சூப்பர்மேன் கதையோட நிழல் இதுல பலமா விழுந்திருக்கு, மறைக்க முடியாது. ஆனா கிருபானந்த வாரியார் கதை சொன்னா "இதை வால்மீகி ஏற்கெனவே சொல்லிட்டாரே"ன்னு யாரும் எழுந்து போகல.

இப்ப எங்க ஊருக்கு வாங்க. தருமபுரம். தருமபுரி இல்ல. மயிலாடுதுறை பக்கத்துல ஆதீனம் இருக்கிற தருமபுரமும் இல்ல. காரைக்கால் தருமபுரம். கிழக்கே கடல், மத்த மூணு பக்கமும் தமிழ்நாடு, ஆட்சி மட்டும் பாண்டிச்சேரி. 1954 வரைக்கும் பிரெஞ்சுக்காரன் ஊர்.

எங்க வீட்டுல அப்ப கேபிள் கிடையாது. மாடியில ஆன்டெனா. காத்து அடிச்சா ரூபவாஹினி குறுக்க வந்துடும், சிங்களச் செய்தி ஓடும். ஞாயிறு பன்னெண்டு மணிக்கு ஒருத்தன் மாடியில கம்பியைத் திருப்ப, ஒருத்தன் வாசல்ல நின்னு "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், ஆங், விட்டுடாதே"ன்னு கத்துவான். அடுப்படியில மீன் குழம்பு கொதிக்கும். கூடத்துல பதினஞ்சு பசங்க. கரண்ட் போயிட்டா அந்தப் பதினஞ்சு பேரும் போடுற சத்தத்துல அத்தை வெளக்குமாத்தைத் தூக்கிக்கிட்டு வரும்.

இதுல முக்கியமான விஷயம் ஒண்ணு. எங்க டிவியில வந்தது இந்தி. கூடத்துல இருந்த ஒருத்தனுக்கும் இந்தி தெரியாது. ஒருத்தனைத் தவிர. அவன் அப்பா பம்பாய்ல கொஞ்ச நாள் வேலை பாத்தவர், அதனால அவனுக்குப் பேரே பம்பாய். அவன்தான் எங்க அதிகாரபூர்வ மொழிபெயர்ப்பாளர். திரையில யாராவது வாயைத் திறந்தா எல்லாரும் அவன் வாயைப் பாப்போம்.

பம்பாய் சொன்ன கதை இதுதான். கில்விஷ் மேட்டூருக்கு அந்தப் பக்கம் ஒரு குகையில இருக்கான். காவிரித் தண்ணியை இருட்டுக்குள்ள பூட்டி வச்சிருக்கான். அதனாலதான் கடைமடைக்குத் தண்ணி வரல, அரசலாறு காஞ்சு கிடக்கு. டாக்டர் ஜாக்கால்னு ஒரு விஞ்ஞானி வர்றானே, அவன் கடல்ல ஏதோ மருந்தைக் கலக்குறான், அதனாலதான் மீன் பாடு குறைஞ்சு போச்சு. கங்காதருக்குச் சொந்த ஊர் நாகூர். கீதா ஒரு தாசில்தார் பொண்ணு, அதான் அப்படி தைரியமா பேசுது. சக்திமான் ஒவ்வொரு சக்கரமா திறக்கிறது காவிரியில ஒவ்வொரு மதகா திறக்குறதுக்கு. ஏழாவது மதகு திறக்குற அன்னிக்கு தண்ணி நம்ம வாய்க்காலுக்கு வந்துடும்.

நாங்க நம்பினோம். நூத்துக்கு நூறு. வாய்க்கால் வறண்டு கிடந்த வருசமெல்லாம் கில்விஷைத் திட்டிக்கிட்டே அதுக்குள்ள கிரிக்கெட் ஆடினோம். ஒரு விரலை மேல தூக்கி, கோயில் வாசல்ல தலை சுத்துற வரைக்கும் சுத்தினோம்.

பல வருசம் கழிச்சு வேலைக்காக புனேவுல இருந்தேன், இந்தி கத்துக்கிட்டேன். 2020 ஏப்ரல்ல ஊரடங்கு வந்தப்ப தூர்தர்ஷன் சக்திமானை மறுபடி போட்டுச்சு. ஆசையா உக்காந்தேன். பத்து நிமிசத்துல வயித்துல புளியைக் கரைச்சுடுச்சு. காவிரி எங்க? மேட்டூர் எங்க? பம்பாய் சொன்னதுல ஒரு வரி கூட அதுல இல்ல! கில்விஷுக்கு வேண்டியது உலகம் முழுக்க இருட்டு, அவ்வளவுதான். அந்தப் படுபாவிக்கு இந்தியே தெரியாது, எட்டு வருசம் எங்களை ஏமாத்தியிருக்கான் :-)

அன்னிக்கு சிரிச்சேன். இப்ப திரும்பப் பாக்கும்போது சிரிப்பு வரல. ஏன்னா பம்பாய் சொன்ன கதைதான் நல்ல கதை. அசலை விட நல்லா இருந்துச்சு. இதை மனசுல வச்சுக்கங்க, கடைசியில இங்கதான் திரும்ப வருவேன்.

இப்ப கிராபிக்ஸுக்கு வருவோம். மட்டம்தான். மறுக்கவே மாட்டேன். ஆனா எதனால மட்டம்னு ஒரு நிமிசம் யோசிச்சீங்களா? அன்னிக்கு தூர்தர்ஷன்ல ஸ்பான்சர் தொடர்னா, தயாரிப்பாளர்தான் சேனலுக்குக் காசு கட்டணும். ஒவ்வொரு எபிசோடுக்கும் ஒளிபரப்புக் கட்டணம். பதிலுக்கு கொஞ்சம் விளம்பர நேரம் கொடுப்பாங்க, அதை வித்துதான் எல்லாத்தையும் எடுக்கணும். படம் எடுக்குற செலவு தனி. முகேஷ் கன்னா பின்னாடி பேட்டிகள்ல சொல்லியிருக்கார்: ஆரம்பத்துல 3 லட்சத்து 80 ஆயிரம் கட்டினேன், ஞாயிறு கேட்டப்ப 7 லட்சத்து 60 ஆயிரம் ஆச்சு, தொடர் பிச்சுக்கிட்டு ஓடினதும் 10 லட்சத்து 80 ஆயிரம் ஆக்கினாங்க, இன்னும் ஏத்தப் போறாங்கன்னு தெரிஞ்சதும் நிறுத்திட்டேன்னு. அவர் கணக்கு அவருடையது. ஆனா இதுல ஒரு விஷயம் பளிச்சுனு தெரியுது. நாம பாக்க பாக்க அவருக்கு வாடகை ஏறியிருக்கு. மேகம் வாங்க வேண்டிய காசு வாடகைக்குப் போயிருக்கு.

அதையும் மீறி எட்டு வருசம். எல்லா வாரமும் முடிவுல வந்து நின்னு, பல்லு தேய்க்கச் சொல்லி, பொய் சொல்லாதேன்னு சொல்லி, தப்பு பண்ண பையனை சாரி கேக்க வச்ச அந்தப் பகுதி. போதனைதான், போர்தான். ஆனா எங்க அம்மா சொல்லி நகம் வெட்டாத நான் அவர் சொன்னதுக்கு வெட்டினேன். கிராபிக்ஸ் மட்டமா இருந்துச்சு, அதனால நம்பிக்கை வராதுங்கறது வளர்ந்தவங்க கண்டுபிடிப்பு. நாங்க நம்பினோம். அதீதமாவே நம்பினோம். சக்திமான் வந்து காப்பாத்துவார்னு சில குழந்தைங்க ஆபத்தான காரியம் பண்ணிட்டதா அன்னிக்குப் பத்திரிகையில செய்தி வந்துச்சு. அதுல சிலது உண்மை இல்லன்னு முகேஷ் கன்னா மறுத்தார். ஆனாலும் தொடருக்குள்ளயே வந்து "நான் செய்யறதைச் செய்யாதீங்க"ன்னு குழந்தைங்களுக்கு எச்சரிக்கை சொன்னார். மேகம் ஒட்டினது தெரிஞ்சும் ஒரு குழந்தை உயிரை நம்பிக் கொடுக்கத் தயாரா இருக்குன்னா, அங்க சிரிக்க என்ன இருக்கு? பயந்துதான் போகணும்.

"அமெரிக்காக்காரன் பாத்தியா எப்படி எடுக்குறான்"னு அடுத்து ஒருத்தர் வருவார். வாங்க சார். 1977-ல அமெரிக்காவுல சி.பி.எஸ். சேனல்ல ஸ்பைடர்மேன் டிவி படமா வந்துச்சு. நிக்கோலஸ் ஹாமண்ட் நடிச்சார், 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' படத்துல சின்னப் பையனா வந்தாரே, அவரேதான். தேடிப் பாருங்க. சிலந்தி வலைன்னு வர்றது கயிறு. சுவர்ல ஏறும்போது மேல இருந்து இழுக்குறாங்கன்னு நல்லாத் தெரியும். 1979-ல அதே சேனல்ல கேப்டன் அமெரிக்கா. தலையில மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்! நம்ம ஊர் டிராபிக் போலீஸ் பாத்தா பாராட்டியிருப்பார்.

அவங்க ஊர்லயும் சிரிச்சாங்க, இன்னிக்கும் சிரிக்கிறாங்க. ஆனா சிரிச்சுட்டு விட்டுடல. 25 வருசம் கழிச்சு 2002-ல பெரிய திரையில ஸ்பைடர்மேன் வந்துச்சு, 2011-ல கேப்டன் அமெரிக்கா வந்துச்சு. கயித்துல தொங்கினவன் முதல் படி. இன்னிக்கு நீங்க ஐமேக்ஸ்ல வாயைப் பொளந்துக்கிட்டு பாக்குறது பத்தாவது படி. முதல் படியைப் பாத்து சிரிக்கலாம், தப்பில்ல. ஆனா நாம முதல் படியே கட்டாதவங்க. கட்டாதவன் கட்டினவனைப் பாத்து சிரிக்கிறதுதான் எனக்கு உறுத்துது.

இங்க எங்க ஊர்க் கோயில் கதையைச் சொல்லாம முடியாது. தருமபுரம் கோயில் சாமி பேரு யாழ்முரிநாதர். சின்னப் பிள்ளையான சம்பந்தர் பாட, திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழ்ல வாசிப்பார். இது யாழ்ப்பாணருக்குத் தாய்வழி ஊர். இங்க வந்தப்ப அவர் சொந்தக்காரங்க, "நீ வாசிக்கிறதாலதான் அந்தப் பாட்டுக்கே பேரு"ன்னு பெருமை பேசிட்டாங்களாம். யாழ்ப்பாணருக்குக் கூசிப் போச்சு. யாழுக்குள்ள அடங்காத ஒரு பதிகம் பாடுங்கன்னு அவரே கேட்டார். சம்பந்தர் பாடினார். யாழ்ல அது வரல. அவமானத்துல யாழை உடைக்க ஓங்கிட்டார் யாழ்ப்பாணர். சம்பந்தர் தடுத்தார். ஏன் உடைக்கணும்? வந்த வரைக்கும் வாசிங்கன்னார். பெரிய புராணம் சொல்ற கதை. சின்ன வயசுல இருந்து இதைக் கேட்டு வளந்தவன் நான்.

சக்திமான் அந்த யாழ்தான். கதை கேட்டது வானம், நெருப்பு, பிரபஞ்சம். கையில இருந்தது ஒரு திரைத்துணியும், கொஞ்சம் விளக்கும், அரைகுறை கம்ப்யூட்டரும். கருவிக்குள்ள பாட்டு அடங்கல. உடைச்சுப் போட்டுட்டுப் போயிருக்கலாம். போகல. வந்த வரைக்கும் வாசிச்சார். அதைப் பாத்து "சுதி சேரல"ன்னு சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஆனா வாசிக்காதவங்களை ஒரு வார்த்தை கேக்காம, வாசிச்சவரை மட்டும் கேக்குறீங்க பாருங்க, அங்கதான் சண்டை.

இப்ப கொசுவத்தி பார்ட்டிகளுக்கு வர்றேன். "சக்திமானைக் குறை சொல்லாதே, அது நம்ம குழந்தைப் பருவம்"னு வர்றவங்களே, உங்களுக்கும் இருக்கு. ரெண்டு ராத்திரி பாத்ததுல எனக்கு உறுத்தினது கிராபிக்ஸ் இல்ல. வேற.

ஒண்ணு, அந்தத் தொடர்ல கெட்டதெல்லாம் இருட்டு. கில்விஷ் இருட்டுக்கு வாழ்க சொல்றவன். வெளிச்சம் நல்லது, இருட்டு கெட்டது, அப்படியே நேர்கோட்டுல. எங்க ஊர்ப்பக்கம் கருப்புன்னா காவல் தெய்வம் சார். ராத்திரி இருட்டுலதான் அவன் குதிரை ஊரைச் சுத்தி வரும். வெயில்ல காஞ்சு கருத்த பதினஞ்சு பசங்க கூடத்துல உக்காந்து, இருட்டு ஒழிகன்னு கத்திக்கிட்டு இருந்தோம். யாரும் எங்களுக்குச் சொல்லல, இருட்டு நம்மாளுன்னு.

ரெண்டு, கீதா விஸ்வாஸ். துணிச்சலான நிருபர்னு காட்டுவாங்க, சந்தோசம். ஆனா வாரா வாரம் ஏதாவது ஒரு குழியில விழணும், யாராவது கட்டிப் போடணும், சக்திமான் வந்து தூக்கணும். என்கூட உக்காந்து பாத்த என் தங்கச்சி ஒருநாள் கூட கீதாவா விளையாடினதில்ல. அதுவும் சக்திமானாத்தான் சுத்தும்.

மூணு, எல்லா ஞானமும் அங்க சமஸ்கிருதத்துலதான் வருது, எல்லா ஊரும் வடக்கத்தி ஊராத்தான் இருக்கு. நாடு முழுக்கப் போற சேனல்ல, கடைமடையில இருக்கிறவன் ஒருத்தன் கூட அந்தக் கதைக்குள்ள இல்ல. பம்பாய் அதனாலதான் எங்களைக் கொண்டு போய் உள்ள வச்சான்.

இதையெல்லாம் சொல்லித் திட்டுங்க, நானும் சேந்துக்கிறேன். அதுல ஒரு நியாயம் இருக்கு. மேகத்தைப் பாத்து சிரிக்கிறது சோம்பேறித்தனம்.

சரி, இப்ப நிஜமான குற்றவாளிக்கு வர்றேன். நம்ம தமிழ் சேனல்கள்.

சன் டிவி 1993-ல வந்துச்சு. சக்திமான் சக்கரம் சுத்திக்கிட்டு இருந்த அதே காலத்துல, நம்மாளுங்களால சின்ன பட்ஜெட்ல ஒண்ணும் பண்ண முடியலையா? முடிஞ்சுதே! அதே 1997, 98-ல 'மர்ம தேசம்' வரிசையில 'விடாது கருப்பு' வந்துச்சு. இந்திரா சௌந்தர்ராஜன் எழுத்து, நாகா இயக்கம், பாலசந்தரோட மின்பிம்பங்கள் தயாரிப்பு. குதிரையில வந்து தப்பு பண்ணவனைத் தண்டிக்கிற கருப்பு. ஒரு குதிரை, ஒரு அருவா, கொஞ்சம் இருட்டு, நல்ல இசை. ஊரே நடுங்கிச்சு. யோசிச்சுப் பாருங்க, முகத்தைக் காட்டாம ராத்திரியில வந்து நியாயம் கேக்குற ஒருத்தன். அவன் யாரு? நம்ம மண்ணுல முளைச்ச சூப்பர்ஹீரோ இல்லையா? கையில கிடைச்சவனை பெரியவங்களுக்கான திகில் தொடர்லயே விட்டுட்டுப் போயிட்டாங்க. பசங்க பக்கம் கொண்டு வரணும்னு யாருக்கும் தோணல. பசங்க சோப்பு வாங்கிறது இல்லையே!

2004-ல 'மை டியர் பூதம்' வந்துச்சு. மூசாவை யாரும் மறக்கல. கிராபிக்ஸ்? சக்திமானே தேவலாம். ஆனா பசங்க டியூஷனை விட்டுட்டு ஓடி வந்தாங்க. ரெண்டாவது தடவையும் நிரூபிச்சாச்சு: காசு பிரச்சினையே இல்ல. அப்புறம்? 2007-ல சுட்டி டிவி. குழந்தைங்களுக்குன்னே இருபத்திநாலு மணி நேரம் தமிழ் சேனல், நல்ல விஷயம். ஜாக்கி சானும் டோராவும் தமிழ் பேசினாங்க. அந்தக் குரல் கலைஞர்களைக் கையெடுத்துக் கும்பிடுவேன், அவ்வளவு அழகான தமிழ். ஆனா அத்தனையும் அடுத்தவன் பெத்த பிள்ளை. அடுத்தவன் பிள்ளைக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தோம், நாம ஒண்ணு பெத்துக்கல.

சினிமாவைக் காட்டாதீங்க. 2012-ல 'முகமூடி', 2019-ல 'ஹீரோ', 2023-ல 'வீரன்', 'மாவீரன்'. வந்துச்சு, எனக்கும் சிலது பிடிச்சுது. ஆனா சினிமா வருசத்துக்கு ஒரு தடவை டிக்கெட் எடுத்துப் போறது. டிவி வாராவாரம் கூடத்துக்கே வர்றது, அதுவும் இலவசமா. இன்னொண்ணு கவனிச்சீங்களா? 'ஹீரோ' படத்துல சின்ன வயசு சிவகார்த்திகேயனுக்கு யாரா ஆகணும்னு ஆசை? சக்திமானா! தமிழ்ப் படத்துல, தமிழ்ப் பையனுக்கு, கனவு காண ஒரு தமிழ் சூப்பர்ஹீரோ கிடைக்கல. கடன் வாங்கித்தான் கனவு கண்டான். எழுதினவங்க மேல தப்பே இல்ல. உண்மையைத்தான் எழுதினாங்க. நாங்க எல்லாரும் அப்படித்தான்.

இதுக்குள்ள ஒரு வேடிக்கையும் நடந்துச்சு. 2013-ல முகேஷ் கன்னா வயசான காலத்துல மறுபடி அந்த உடுப்பை மாட்டி, போகோ சேனலுக்கு 'ஹமாரா ஹீரோ சக்திமான்'னு ஒரு டெலிபிலிம் பண்ணினார். பெருசா யாரும் கண்டுக்கல. 2022-ல சோனி பிக்சர்ஸ் சக்திமானைப் பெரிய திரைக்கு மூணு பாகமா கொண்டு வரப் போறதா அறிவிச்சாங்க. பல நூறு கோடின்னு பேச்சு. யார் நடிக்கிறதுன்னு பஞ்சாயத்தும் நடந்துச்சு. இந்தப் பதிவை எழுதுற வரைக்கும் படம் வரல. நூறு கோடி இல்லாம எட்டு வருசம் பறந்தவரு, நூறு கோடிக்காக நிக்க வச்சதும் தரையிலேயே நிக்கிறார். இதுக்கு மேல நான் என்ன சொல்ல?

போன மாசம் கற்பித்தல் பயிற்சிக்கு ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அஞ்சாம் வகுப்பு. "உங்களுக்குப் பிடிச்ச வீரனைப் படமா வரைங்க"ன்னு சொன்னேன். முப்பத்தி ரெண்டு பசங்க. ஸ்பைடர்மேன், சோட்டா பீம், பென் டென், திரும்ப ஸ்பைடர்மேன். எல்லாரும் சிவப்பா, வெள்ளையா, ரோசா கலர்ல. ஒரு பையன் மட்டும் ஸ்பைடர்மேனுக்குக் கீழ ஒரு படகு வரைஞ்சிருந்தான். என்னடா இதுன்னேன். "சார், இவரு எங்கப்பா வலையைத்தான் எடுத்துட்டுப் போறாரு. கடல்ல போன போட்டெல்லாம் இழுத்துட்டு வர"ன்னான்.

எனக்குப் பேச்சு வரல. இருபத்தஞ்சு வருசம் கழிச்சு அதே பம்பாய்! அடுத்தவன் கதைக்குள்ள தன் ஊரை, தன் கடலை, தன் அப்பனைத் தானே தூக்கிட்டுப் போய் வைக்கிறான். யாரும் அவனுக்கு வச்சுக் கொடுக்கல. பத்து வயசுப் பையன் ஓசியில பண்ற வேலையை, கோடிக் கணக்குல விளம்பரம் வாங்கற சேனல்ல ஒரு கதை இலாகா பண்ண முடியாதா?

இதுதான் என் பதில், தங்கச்சி. ஆமா, இதைத்தான் உக்காந்து பாத்தேன். திரையில இருந்த கதையைப் பாத்தேனா, பக்கத்துல உக்காந்து பம்பாய் சொன்ன கதையைப் பாத்தேனான்னு கேட்டா, ரெண்டாவதுதான். ஆனா முதல்து இல்லாம ரெண்டாவது இல்ல. ஒட்டின மேகமா இருந்தாலும் ஒரு மேகம் வேணும். நாங்க அதுல ஏறிக்கிட்டோம்.

அதனால உங்க எட்டு பேருக்கும் ஒரு வேண்டுகோள். நீங்க எல்லாரும் அடுத்த வருசம் வாத்தியார் ஆகப் போறீங்க. உங்க வகுப்புல முப்பது குழந்தைங்க இருக்கும். கையில நல்ல கேமரா உள்ள போனும் இருக்கும், 1997-ல முகேஷ் கன்னா கிட்ட இருந்ததை விட நல்ல கருவி. காவிரியைத் திறக்க ஒருத்தன், போட்டை இழுத்துட்டு வர ஒருத்தி, ராத்திரி குதிரையில காவல் வர ஒரு கருப்பு. பசங்களையே எழுத விடுங்க, நடிக்க விடுங்க. மேகம் ஒட்டினது தெரியட்டும். தலைமுடி ஆடாட்டி போகட்டும். 2024-ல பொதிகைக்கு டிடி தமிழ்னு பேரு மாத்தி, புதுப் பெயின்ட் அடிச்சாங்களே, அது நம்ம வரிப்பணத்துல ஓடுற சேனல். ஞாயித்துக்கிழமை பன்னெண்டு மணிக்கு அரை மணி நேரம் கொடுங்கன்னு அவங்க கிட்ட கேக்கலாம். தனியார்காரங்க கிட்ட இன்னும் சத்தமா கேக்கலாம். காசு இல்லைன்னு சொன்னா நம்பாதீங்க.

வந்த வரைக்கும் வாசிக்கலாம். ஆனா யாழையாவது கையில எடுக்கணும்.

டிஸ்கி 1: பம்பாய் இப்ப துபாய்ல இருக்கான். இந்திக்காரங்க கூடதான் தங்கியிருக்கான். போன்ல கேட்டேன், "டேய், சக்திமான்ல காவிரி எங்கடா வருது?"ன்னு. "நல்லாப் பாரு, ஏழாவது சக்கரம் திறக்கும்போது வரும்"ங்கறான். இன்னும் ஒத்துக்கல.

டிஸ்கி 2: நம்பிக்கையில்லாமதான் அந்த எபிசோடையும் தேடிப் பாத்தேன். வரல. :-(